பனிச்சுவருக்கு அப்பால் போன ஈல்மா

எங்கள் கூட்டத்தில் கடல்நாய் உரிப்பவள் ஈல்மா. கை வேகம், வாய் அதைவிட வேகம்.

அந்த வருடம் மீன் ஏறி வரவில்லை. கடல்நாய்கள் படுக்கும் பாறைக்காக மேற்குக் கூட்டத்தார் விடிகாலையில் எங்கள் மேல் விழுந்தார்கள். ஈல்மாவின் கணவன் தோராக் கூடாரத்திலிருந்து குனிந்து வெளியே வரும்போதே கழுத்தில் ஈட்டி இறங்கியது. குத்தியவன் அதைப் பிடுங்குவதற்குள் ஈல்மா கல் கத்தியால் அவன் வயிற்றைக் கிழித்துவிட்டாள்.

"மதினி, படகுக்கு ஓடியாங்க!" கொழுந்தன் சிவுக் கத்தினான்.

"உங்க அண்ணன விட்டுட்டா?"

"அண்ணன் போயிட்டாரு. நீங்களும் சாகணுமா?"

தப்பிய சிலர் ஒரே தோல்படகில் ஏறினோம். மேற்கே அவர்கள்; கிழக்கே கடலுக்குள் இறங்கி நிற்கும் பனிச்சுவர். அதைத் தாண்டிப் போனவர் எவருமில்லை. சுவரை ஒட்டியே துடுப்புப் போட்டோம். அவர்களின் படகும் விடாமல் பின்னால் வந்தது. திடீரென்று சுவரில் ஒரு பகுதி இடிந்து அந்தப் படகின் மேல் சரிந்தது. நீந்தி வந்து எங்கள் படகைப் பற்றியவன் ஒருவன்தான். பெயர் ஹன்கே.

ஈல்மா அவன் மண்டையைப் பார்த்துத் துடுப்பை ஓங்கினாள். சிவுக் தடுத்தான்.

"துடுப்புப் போட ஆள் வேணும் மதினி."

"சரி, கரை வரட்டும். அங்க வச்சுக் கொல்றேன்."

பல நாள் பசிக்குப் பின் பனி முடிந்து கறுப்பு மணல் தெரிந்தது. புகையில்லை, மனிதக் காலடியில்லை. முதலில் குதித்த சிவுக்கை, ஆள் உயரத்துக்கு மேல் நின்ற கரடி ஒன்று அறைந்து வீழ்த்தியது. ஹன்கே படகில் கிடந்த ஈட்டியை எடுத்து அதன் வாய்க்குள் செருகினான். ஈல்மா அதன் தொண்டையை அறுத்தாள். அதற்குள் சிவுக்குக்கு முகமே இல்லை.

"இப்பக் கொல்லப் போறியா?" மூச்சிரைக்க ஹன்கே கேட்டான்.

ஈல்மா பாறாங்கல்லைத் தூக்கி அவன் கணுக்காலை நொறுக்கினாள்.

"திரும்பிப் போயி உன் ஆளுங்களக் கூட்டியாந்துருவ. அதுக்குத்தான்."

அவன் அலறியபோது யாரும் பக்கத்தில் போகவில்லை. பிறகு அவளே காலுக்குக் குச்சி வைத்துக் கட்டினாள். ஈட்டி முனை செதுக்க அவனைப் போல் ஆளில்லை, அதனால் பிழைத்தான்.

வருடங்கள் போயின. இருவரும் ஒரே கூடாரத்தில் இருந்தார்கள், பிள்ளைகளும் பிறந்தன. கடைசிவரை அவன் கண்ணயர்ந்த பிறகே அவள் தூங்குவாள். ஒரு வெயில்காலத்தில் காய்ச்சலில் அவள் செத்தபோது, யாரையும் கிட்டே விடாமல் ஹன்கே தவழ்ந்தே குழி தோண்டினான். பிறகு பிள்ளைகள் அவனைச் சுமந்துகொண்டு, வேட்டை தேடி, புல் இருக்கும் தெற்குப் பக்கம் எங்களோடு நடந்தார்கள்.