உப்புக்குச் சப்பாணி

ஜான்சியைப் பற்றி எழுதுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள் மேல் பொறாமை. அன்றும் இருந்தது, ஐந்து வருடம் கழித்து இன்றும் இருக்கிறது. அதைக் கழித்துவிட்டுப் படிக்க விரும்புகிறவர்கள் கழித்துக்கொள்ளலாம்.

மராத்தி ஊரான கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆரோக்கியசாமியின் கடைசி மகள் அவள். நாலு அண்ணன்கள். வீட்டுக்குள் தமிழ், வாசலில் மராத்தி, பள்ளியில் இங்கிலீஷ். தமிழ் சரளமாகப் பேசுவாள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். 2004இல் மகர்பட்டாவில் எங்கள் சாப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் சேர்ந்தாள். அடுத்தவன் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். அந்த வேலையை ஆபீஸோடு நிறுத்தியிருக்கலாம்.

நான் கோயம்புத்தூர்க்காரன், கல்யாணசுந்தரம். அங்கேயே வாகட் பகுதியில் என் பிளாட்டில் ஞாயிறு மதியம் ஆறேழு பேர் கூடி ஒரு விளையாட்டு ஆடுவோம். கம்ப்யூட்டரில் அல்ல, மேசையைச் சுற்றி உட்கார்ந்து. ஆளுக்கொரு தாளில் தன் பாத்திரத்தை எழுதிக்கொள்வார்கள். ஒருவன் வாள்வீரன், ஒருவன் மந்திரவாதி, ஒருவன் திருடன். கதையை நடத்துகிறவன் நான். குகைக்குள் என்ன இருக்கிறது என்று நான் சொல்வேன். அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். எல்லோரும் முதல் லெவலில் தொடங்கி, ஜெயிக்க ஜெயிக்க மேலே போவார்கள். விதிகள் என் சொந்தச் சரக்கு. நாலு வருடம் உட்கார்ந்து எழுதிய நாற்பது பக்கம்.

என் முதல் லெவல் கடுமையானது. உயிர் ஐந்தே புள்ளி. பெருச்சாளி கடித்தால் மூன்று போய்விடும். புதிதாக வருகிறவன் கஷ்டப்பட்டுத்தான் மேலே வரவேண்டும் என்பது என் கொள்கை. புதியவர்களில் பாதிப் பேர் மறு ஞாயிறு வரவில்லை என்பதும் உண்மைதான். எங்கள் குழுவில் இருந்த இர்பான் ஒரு நாள் ஜான்சியைக் கூட்டி வந்தான். அவளுடைய மந்திரவாதி பத்தாவது நிமிடம் செத்துப்போனான்.

"இப்ப நான் இன்னா சார் பண்ணணும்?" என்றாள்.

"சும்மா உக்காந்து பாருங்க."

இரண்டு மணி நேரம் பார்த்தாள். அடுத்த ஞாயிறு தன் யோசனைகளை எழுதிய இரண்டு தாளோடு வந்து நின்றாள்.

"சார், எங்க குவார்ட்டர்ஸ்ல அண்ணனுங்க கல்லு அடுக்கி லகோரி ஆடும்போது நான் கச்சா லிம்பு. சின்னப் பொண்ணுன்னு அவுட் கிடையாது. ஆனா கூடவே ஓடுவேன். ஓடி ஓடியே கத்துக்கினேன். முதல் லெவல் அப்டி இருக்கட்டுமே?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏனுங்க, இது வீரனுக்கு எழுதற விதியா, இல்ல ஒப்புக்குச் சப்பாணிக்கு எழுதறதா?" என்றேன். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"தமிழ்ல அதுக்குப் பேரே இருக்குதா? உப்புக்குச் சப்பாணி!"

ஒப்பு அவள் காதில் உப்பாக விழுந்திருந்தது. நான் திருத்தவில்லை.

மறு வாரம் அந்த உப்பு விதியாகவே வந்து சேர்ந்தது. புது ஆள் ஒவ்வொருவருக்கும் மூன்று உப்புப் பொட்டலம். நிஜ உப்பு, அவள் அம்மா மரியம்மாள் பழைய பேப்பரில் மடித்துக் கொடுத்தது. அடி விழுந்தால் ஒரு பொட்டலத்தை மேசையில் வைக்கலாம், அந்த அடி கணக்கில் சேராது. மூன்றும் தீர்ந்தால் அவன் இரண்டாம் லெவல். அதற்கு மேல் விழுவதெல்லாம் நிஜ அடி. என் நாற்பது பக்கத்திலும் ஜெயித்தவன்தான் மேலே போனான். அவளுடையதில் மூன்று முறை அடி வாங்கினால் போதும், மேலே போய்விடலாம். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பல் விளக்கும்போதுகூடக் கேட்டுக்கொண்டேன்.

அந்த டிசம்பரில் ஒரு கல்லூரி விழாவில் எங்களுக்கு ஒரு மேசை ஒதுக்கினார்கள். நான் நாலு வருடம் காத்திருந்த வாய்ப்பு. வருகிறவர்கள் எல்லோரும் புதியவர்கள், அதனால் முதல் லெவல் யாருடையது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஆறு பேரில் ஐந்து பேர் ஜான்சிக்குக் கை தூக்கினார்கள்.

"உங்களுது சூப்பர் சார், ஆனா புதுசா வர்ற பசங்க ஓடிப்போயிடறாங்க" என்றான் இர்பான்.

நானும் தலையாட்டிவைத்தேன். சென்னைப் பையன்கள் நிறையப் படிக்கிற கல்லூரி அது. அத்தனை பேர் முன்னால் அவள் தமிழைத் திருத்தினால் போதும், மானம் போய்விடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

விழாவன்று பெரிய அட்டையில் 'உப்புக்குச் சப்பாணி' என்று தமிழிலும் மராத்தி எழுத்திலும் எழுதி மாட்டியிருந்தாள். மேசையைச் சுற்றி இருபது பேர். நான் குரலை உயர்த்தினேன்.

"ஜான்சி, அது உப்பு இல்லீங்க, ஒப்பு. பேரையே தப்பா எழுதியிருக்கீங்க. உப்புக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

சென்னைப் பையன் ஒருவன் சிரித்தான். அவள் முகம் சுருங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

"ஒப்புன்னா இன்னா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒப்புக்குன்னா பேருக்கு. மனசு நோகக் கூடாதுன்னு, ஆட்டத்துல சேத்தாம சும்மா கூட வெச்சுக்கறதுங்க."

"அப்ப உப்பே இருக்கட்டும் சார். நான் இங்க யாரையும் சும்மா வெச்சிக்கல."

அதையே மற்றவர்களுக்காக மராத்தியிலும் சொன்னாள். முதலில் கை தட்டியது அவர்கள்தான். பிறகு அந்தச் சென்னைப் பையனும் தட்டினான்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு வெற்றுத் தாளை நீட்டினாள். அதில் கேலி துளியும் இல்லை. இருந்திருந்தால் எழுந்து போக வசதியாக இருந்திருக்கும்.

"உங்க ஆளுக்குப் பேரு எழுதுங்க சார்."

நாலு வருடம் மற்றவர்களுக்குக் கதை நடத்தியிருக்கிறேன். எனக்கென்று ஒரு ஆளை எழுதியதே இல்லை. உட்கார்ந்தேன். பொறாமை இம்மிகூடக் குறையவில்லை. ஆனால் சாயங்காலம் ஹாலைப் பூட்ட வந்தவர் இரண்டு தடவை சொன்ன பிறகும் அந்த நாற்காலியை விட்டு எழ எனக்கு மனம் வரவில்லை.