ராக்கம்மா போட்ட ஒன்பது கையெழுத்து

அவர்கள் குடியிருக்கும் மடுல்கெல்லத் தோட்டக் கீழ்ப்பிரிவு லய வீடுகளுக்குக் கக்கூஸ் கட்டி முடித்தாயிற்றாம். எங்கோ கடுகண்ணாவையில் கடை வைத்திருக்கும் முஹைதீன் நானா யாரோ சொல்லிக் கேட்டாராம். பக்கத்து வீட்டுப் புஷ்பம் அதைத் தேயிலைக் கொழுந்து எடுக்கும் மலையில் வந்து சொன்னாள்.

"எங்கடி கட்டியிருக்கான், ஆகாசத்துலயா?" என்று ராக்கம்மா சிரித்தாள்.

இருபத்துநான்கு குடும்பத்துக்கு இருந்த ஒரே கக்கூஸும் மண்சரிவில் போய் மூன்று வருடம். பெண்கள் விடியுமுன் தேயிலைக்குள் ஒதுங்கினார்கள். மருமகள் நிறைமாதத்தோடு சரிவில் வழுக்கி விழுந்த அன்றுதான், மாதர் சங்கத் தலைவி ராக்கம்மா நிதியுதவிக்கு எழுதிப் போடுவதென்று முடிவெடுத்தாள்.

எழுதத் தெரிய வேண்டுமே, அதற்கு நிதி கொடுக்கும் கண்டி அலுவலகமே பயிற்சி வைத்தது. ஒன்பது முறை வேலையை விட்டுவிட்டுக் கண்டிக்குப் பஸ் ஏறினாள். ஹோட்டல் மண்டபத்தில் பெரிய தாளில் மரம் வரையச் சொன்னார்கள்: வேரில் காரணம், கிளையில் விளைவு. அவள் கிளையில் மருமகளை வரைந்தாள். பயிற்சி கொடுத்த சண்முகநாதன், "அருமை அம்மா, அருமை!" என்று படம் எடுத்துக்கொண்டார். அந்த ஹோட்டல் கக்கூஸின் பளிங்குத் தரையில் செருப்போடு நடக்க அவளுக்குக் கூசியது, கழற்றிவிட்டுத்தான் போனாள்.

ஒவ்வொரு முறையும் சாப்பாட்டுக்கு முன் ஒரு தாள் வரும். தலைப்பில் ஆங்கிலத்தில் என்னவோ இருக்கும். கைநாட்டு வேண்டாமென்று நாற்பது வயதில் பழகிய கையெழுத்தை ஆற அமரப் போடுவாள்.

கடைசித் தேதியன்று விண்ணப்பத்தோடு அந்த அலுவலகத்துக்குப் போனாள். விண்ணப்பம் வாங்கும் லிகிதர் ரபீகா பட்டியலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்கட பிரிவு முடிஞ்சி அம்மா. சுகாதாரத் திட்டத்தில பயன் கிடைச்ச எண்டு போட்டீக்கிது."

"என்னா பயன் தாயி?"

"பயிற்சி. இந்தா, உங்கட கையெழுத்துதானே? ஒம்பது ஈக்கிது. ஒரு பிரிவுக்கு ஒரு உதவிதான்."

"பாடம் சொல்லிக் குடுத்தா போதுமா? அதுமேல போயி குந்த முடியுமா?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். ரபீகா சிரிக்கவில்லை.

"சண்முகநாதன் சேர்தான் பட்டியல் குடுத்த. பிழையெண்டு அவர் ஒரு வார்த்தை சொன்னா நான் விண்ணப்பத்த எடுக்கிறன். நாலு மணிக்குள்ள."

மணி மூன்றே முக்கால். ராக்கம்மா வாசற்படியில் உட்கார்ந்து கைபேசியில் சண்முகநாதனின் எண்ணை அழுத்தினாள். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழுத்தினாள்.

"சேர் பேராதனையில. புதுக் குழுக்களுக்குப் பயிற்சி நடக்குதுங்க" என்றார் காவலாளி.

அங்கே இந்நேரம் யாரோ ஒருத்தி மரம் வரைந்துகொண்டிருப்பாள். சாப்பாட்டுத் தாளில் கையெழுத்தும் போட்டிருப்பாள். உள்ளே ரபீகா கோப்புகளை அலுமாரிக்குள் அடுக்கத் தொடங்கினாள். ராக்கம்மா மூன்றாம் முறை அழுத்தி, காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். அது அடித்துக்கொண்டே இருந்தது.