வேதியியல் நோட்டில் ஒளிந்திருந்த இளவரசி

பிளஸ் டூ படித்த வருடம் நான் ஓர் இளவரசியை வீட்டைவிட்டு ஓட வைத்தேன். அவளுக்கு வயது பதினேழு. எனக்கும் அதேதான். ராஜா பார்த்து வைத்த மாப்பிள்ளை பிடிக்காமல் அரண்மனைச் சுவர் ஏறிக் குதித்து, நட்டநடு மதியத்தில் ஒரு படகோட்டியின் படகில் ஏறிக் கடலுக்குள் போய்விடுவாள். படகோட்டிக்குச் சுருட்டை முடி, சிரித்தால் கன்னத்தில் குழி. பேசும் ஆமை ஒன்று வழி சொல்லும். கடலுக்கு நடுவே உப்பாலேயே கட்டிய ஊர் ஒன்று. மழை பெய்தால் கரைந்துவிடும் என்பதால் அந்த ஊர் ஜனங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள். இத்தனைக்கும் நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு முறை, புதுச்சேரிக்குப் பள்ளிச் சுற்றுலா போனபோது. அதுவும் டீச்சர் அலையில் கால் வைக்க விடவில்லை.

போனில் எழுதியிருக்கலாம். ஆனால் திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஸ்மார்ட் போன், அது அப்பாவுடையது. அதில் எழுதுவதும் தெருவில் தண்டோரா போடுவதும் ஒன்றுதான். அதனால் ஒரு நோட்டு வாங்கி, பழுப்பு அட்டை போட்டு, மேலே ‘வேதியியல்’ என்று லேபிள் ஒட்டினேன். அந்த வார்த்தையைப் பார்த்தால் எங்கள் வீட்டில் ஒருவரும் கிட்டே வர மாட்டார்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

இவ்வளவு ஒளிக்கக் காரணம் இருந்தது. எங்கள் தெரு அக்கா ஒருத்தி காலேஜுக்குப் போகிறேன் என்று போய், ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூருக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து எங்கள் தெரு அப்பாக்களுக்குக் காலேஜ் என்றாலே பயம். நான் விழுப்புரத்தில் காலேஜ் சேரட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் அப்பா, “பார்க்கலாம்” என்பார். அதற்குள் காணை என்ற ஊர்ப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. நெல்லும் கரும்பும் சொந்தமாகப் பயிர் செய்கிற குடும்பம், பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர்களிடமும் அப்பா “பார்க்கலாம்” என்றுதான் சொல்லி வைத்திருந்தார். இந்த நிலையில் ஓடிப்போகிற பெண்ணைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதுவது தெரிந்தால் என் கதி என்ன? காலேஜ் அதோடு சரி.

கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் நான் சினேகிதி வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், அம்மா வழக்கம்போல் வருடம் முழுக்கச் சேர்ந்த நோட்டுகளைக் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். இயற்பியல், கணக்கு, அவற்றோடு வேதியியல் இரண்டு. ஒன்று நிஜம், மற்றது என் இளவரசி. ஒரு பாடத்துக்கு எதற்கு இரண்டு நோட்டு என்று அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. நான் திரும்பி வந்தபோது அலமாரி வெறுமையாக இருந்தது. அம்மாவிடம் கேட்கவும் முடியாது. பரீட்சை முடிந்த பிறகு வேதியியல் நோட்டுக்காக அழுகிற பெண்ணை யார் நம்புவார்கள்?

அப்பா மினி லாரி ஓட்டினார். கடலோரத்து மரக்காணத்தில் உப்பு மூட்டை ஏற்றி விழுப்புரம், திருவெண்ணெய்நல்லூர் வரைக்கும் கடைகளுக்குப் போடுவார். சாயங்காலம் வீடு திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்து விற்கிற ஒரு பெண்ணிடம் ஒரு பொட்டலம் வாங்கி வருவது வழக்கம். நான்கு நாள் கழித்து அவர் வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்தேன். ‘தந்தையே, இனி நான் திரும்பி வரமாட்டேன்.’ என் கையெழுத்து. தாளைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு மல்லாட்டையைத் தட்டில் கொட்டினேன்.

மறுநாளிலிருந்து அப்பா வாங்கி வந்தது ஒரு பொட்டலம் இல்லை, நாலைந்து பொட்டல மல்லாட்டை. ஆனால் எல்லாம் சோறு கொண்டுபோன டிபன் டப்பாவில் வந்தது. தாள் ஒன்றுகூட வீட்டுக்குள் வரவில்லை.

“ஏங்க, மல்லாட்டை வெளையிற ஊர்ல பொறந்துட்டு, மல்லாட்டையையே கண்டிராத ஆளு மாதிரி இன்னா இது? யாரு துன்றது இவ்ளோ?” என்று அம்மா சத்தம் போட்டார்.

“இருக்கட்டும், துன்னு” என்றார் அப்பா. என்னைப் பார்க்கவில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு காலையில் அந்த மல்லாட்டை வண்டிக்காரம்மாவிடமே போனேன். மிச்சத் தாளைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைப்பு. அவர் சிரித்தார்.

“அதான் உங்கப்பா டெய்லி வந்து, அந்த நீல இங்க் காயிதத்துலயே கட்டிக் குடுன்னு கேட்டு வாங்கிக்கினு போறாரே. நான் எல்லாத்தையும் கிழிச்சி வேற காயிதத்தோட கலந்து வச்சிட்டேன். அவரு நின்னு தேடித் தேடி எடுக்கறாரு. ஒரே பேஜாரு போ.”

அப்படியென்றால் முதல் பொட்டலத்திலேயே என் கையெழுத்தைப் பார்த்துவிட்டிருக்கிறார். அப்பா படித்துக்கொண்டிருக்கிறார். அதுவும் முன்பின்னாக, ஓடிப்போவதும் முத்தம் கொடுப்பதும் எந்த வரிசையில் அவருக்குக் கிடைத்ததோ! காலேஜ் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கியது. ஞாயிற்றுக்கிழமை காணைக்காரர்கள் வருவதாக இருந்தது. அப்பாவோ வாயைத் திறக்கவே இல்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

அந்த ஞாயிறு காலை கூப்பிட்டார். கூடத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு, அந்தச் சித்திரை வெயிலில் வேர்க்க விறுவிறுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே என் தாள்கள். எண்ணெய்க் கறையும் கசங்கலுமாக, பக்க எண் பார்த்து வரிசையாக அடுக்கியிருந்தார்.

“உன் கையெழுத்துதான?”

“ஆமாம்பா.”

“யாரு இவன், சுருட்டை முடி?”

“யாரும் இல்லப்பா. சத்தியமா. சும்மா கதைப்பா.”

பிறகு ஒரு தாளை எடுத்தார். “சரி, இந்த ராஜா யாரு? அந்தப் பொண்ணு எது கேட்டாலும் பார்க்கலாம், பார்க்கலாம்னே சொல்லிக்கினு இருக்கறான். இவன் மட்டும் எனக்குத் தெரிஞ்ச ஆளு மாதிரியே இருக்குது.”

சமையலறையில் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“அப்புறம், மதியானத்துல எவன்மா கடலுக்குப் போவான்? காத்து எதுத்தாப்புல கரைக்கு அடிக்கும், படகு நவுராது. விடியக்காலம் கெளம்பினா காத்தே தள்ளிக்கினு போவும். மரக்காணத்துல யாரை வேணா கேளு.”

மகளின் இளவரசி ஓடிப்போக நேரம் குறித்துக் கொடுத்தவர் எங்கள் தெருவிலேயே அவர் ஒருவர்தான்.

“பன்னண்டாம் பக்கத்துக்கு அப்புறம் இருபத்தொண்ணுதான் கெடச்சிது” என்றார். குரல் இறங்கியிருந்தது. “புயல்ல படகு கவுந்துச்சே, அதுக்கு மேல தெரியல. ரெண்டு நாளா எனக்குச் சோறே எறங்கல. பொண்ணு பொழச்சாளா?”

“பொழச்சிட்டாப்பா. ஆமை தூக்கிக்கினு வந்துடும்.”

அப்பா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். “ராஜா தேடிக்கினு போறானா?”

“இல்லப்பா.”

“ஏன்? பெத்தவன் தேடிக்கினு வர மாட்டானா?”

அப்போதுதான் அழுதேன். திட்டு வாங்காத நிம்மதியும், அந்த ராஜாவை அத்தனை மோசமாக எழுதிவிட்ட வெட்கமும் சேர்ந்துகொண்டு அழுகை வந்தது. அப்பா எழுந்து ஃபேனைப் போட்டார். தாள்களெல்லாம் கூடம் முழுக்கப் பறந்தன. இரண்டு பேரும் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினோம்.

பொறுக்கிக்கொண்டே சொன்னார், “காணைக்காரங்களுக்கு நேத்தே போன் பண்ணிட்டேன். பொண்ணு படிக்கப் போவுதுன்னு சொல்லிட்டேன். அந்த காலேஜு அப்ளிகேஷனை எடு, ஜல்தி. ஓடிபி என் போனுக்குத்தான வரும்?”

வந்தது. அந்த ஆறு எண்களையும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு மாதமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் ஆறாவது எண்ணோடு இறங்கிப்போனது. அன்று சாயங்காலமே புது நோட்டில் ராஜாவைக் கடலுக்கு அனுப்பினேன். உப்பு மூட்டை ஏற்றிய படகில்தான் போனார்.

காலேஜ் முதல் நாள் வகுப்பு ஒன்பதரைக்கு மேல்தான். அப்பா ஆறு மணி விழுப்புரம் பஸ்ஸுக்கே என்னை ஏற்றிவிட்டார். இவ்வளவு சீக்கிரம் போய் என்னப்பா செய்வது என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். பஸ் நகர ஆரம்பித்தது. கூடவே நாலு எட்டு நடந்து வந்தார்.

“இப்பப் போனாத்தாம்மா காத்து தள்ளிக்கினு போவும்.”