கூப்பிட்டபோது போகாதவர்

நான் அகதியாய் வந்திறங்கிய கனடிய நகரத்தின் லாசால் பகுதியில், ஒரு வேர்ஹவுஸில் என்னோடு பெட்டி இறக்கியவர் அவர். கிழக்கு ஆபிரிக்க நாடொன்றின் உதைபந்தாட்ட அணியில் முன்வரிசையில் நின்று கோல் அடித்தவர். உயரமான, மெலிந்த ஆள். நாங்கள் பெட்டிகளைக் காலால் தள்ளுவோம். அவர் குனிந்து கையால்தான் தள்ளுவார்.

"காலுக்கு விரதமோ?" என்று கேட்டேன்.

"கால் வேறை வேலைக்கு, அண்ணை."

அண்ணை என்ற சொல்லை எங்களிடம் பழகியிருந்தார். மற்றதெல்லாம் உடைந்த ஆங்கிலத்தில் கதைப்போம்.

இரண்டு பேரும் அகதி வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், நாட்டு அணி தன்னைத் திரும்பக் கூப்பிடுகிறது என்றார்.

"ஒரு ஆட்டம்தான். போகட்டோ?"

"அந்த நாட்டுக்குப் பயம் எண்டு எழுதிக் குடுத்திட்டு, அந்த நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுவியோ? போனால் வழக்கு முடிஞ்சுது."

"என்னை அடைச்சு வைச்ச ஆக்கள்தான் நான் கோல் அடிக்கேக்கை கை தட்டினவை."

"அதைப் போய் நீதிபதிக்குச் சொல்லு."

அவர் போகவில்லை. ஆட்டம் நடந்த அன்றும் வேலைக்கு வந்தார். தொலைபேசி அட்டை வாங்கி ஊருக்கு எடுத்துக் கேட்டுவிட்டு, தோற்றுப்போச்சு என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மாரியில் எனக்கு வழக்கு வென்றது. அவருக்கு மறுத்துவிட்டார்கள். கடிதத்தோடு என்னிடம் வந்தார்.

"இனி அங்கைதான் அனுப்புவாங்கள். கூப்பிடேக்கை வராதவனை இப்ப என்ன செய்வினம், அண்ணை?"

முதல்தரம் கேட்டபோது யோசிக்காமல் பதில் சொன்னவன் நான். அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.