கொரியாக்காரர்களும் பெரியம்மாவின் தம்பியும்

வேலைக்குப் போகும் ரயிலில் பக்கத்தில் இருந்தவள் போனில் காட்டினாள். கொரியாவில் இன்னும் நிறையப் பேர் காத்திருக்கிறார்களாம். சண்டையில் பிரிந்து எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட அண்ணன் தம்பியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று. எனக்கு அந்தச் சங்கதி சின்ன வயதிலேயே தெரியும். தப்பாகத் தெரியும்.

அப்போது நாங்கள் கோலார் தங்கச் சுரங்கத்தில், மாரிகுப்பம் லைன் வீட்டில் இருந்தோம். பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான். சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த கடைசிக் காலம். பெரியப்பாவுக்கு ஷாஃப்ட் வாயில், ஆள் இறங்குகிற குழி வாயில், வேலை. ஆட்களை ஏற்றிப்போகும் கூண்டு, கேஜ், ஏறவும் இறங்கவும் மணி அடிப்பார்.

ஒரு நாள் சாயந்திரம் டிவியில் இந்திச் செய்தி. கிழவர்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்து அழுதார்கள். நெஞ்சில் அட்டை குத்தியிருந்தார்கள். ஆம்பிளைகள் அப்படி அழுது நான் ஒரே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். உள்ளே பாறை சரிந்து, மாட்டினவர்கள் உயிரோடு மேலே வரும்போது ஷாஃப்ட் வாயில். இறங்குகிறவர்களுக்கு டோக்கன் உண்டு. இவர்கள் நெஞ்சிலும் இருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை.

"எந்த ஷாஃப்ட்டு பெரியப்பா?" என்று கேட்டேன்.

பெரியப்பா முகத்தை மாற்றவே இல்லை. "ரொம்ப ஆழம். கேஜ் மேல வர அம்பது வருசம் ஆச்சு."

நான் நம்பிவிட்டேன்.

பெரியம்மா சிரிக்கவில்லை. இந்தி தெரிந்த பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு, இன்னா சங்கதி என்று கேட்டார். நாடு ரெண்டாப் போச்சு, சொந்தம் பிரிஞ்சு போச்சு, ரெண்டு கவர்மெண்ட்டும் பேசி மூணு நாள் பார்க்க விட்டிருக்காங்க என்று அவர் சொன்னார்.

பெரியம்மா பிறந்தது சிலோன் தேயிலைத் தோட்டத்தில். இந்தக் குடும்பம் இங்கே, அந்தக் குடும்பம் அங்கே என்று இரண்டு அரசாங்கமும் ஆள் பிரித்தபோது, அவருக்கு இந்தியக் குடியுரிமைப் பேப்பர் வந்தது. கல்யாணமாகியிருந்த தம்பிக்கு அந்த ஊர்ப் பேப்பர். அப்புறம் அங்கே கலவரம், சண்டை. தோட்டத்து லைனைக் கொளுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி. கடிதாசி நின்றுபோனது.

இரண்டு மூன்று நாள் கழித்து அதே கொரியாக்காரர்களை மறுபடி காட்டினார்கள். பாதிப் பேர் பஸ்ஸுக்குள். பாதிப் பேர் கீழே. மூடின கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கை, இந்தப் பக்கம் ஒரு கை. எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள், சந்தோஷத்தில் அழுகிறார்கள் என்று நினைத்தேன். பெரியம்மா டிவியை அணைத்தார்.

"நாளைக்கு கோலார் போறேன். மனு குடுக்கணும்."

"போ. கவர்மெண்ட்டு உன் தம்பியைத் தட்டுல வச்சு கொண்டாந்து குடுக்கும்," என்றார் பெரியப்பா.

"தட்டு நான் எத்தினு போறேன். நீங்க சோத்தைப் போட்டுத் தின்னுங்க."

பெரியம்மாவுக்குக் கன்னடம் சரியாக வராது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கன்னடம். அதனால் கலெக்டர் ஆபீசுக்கு என்னைக் கூட்டிப்போனார். ஆபீசர் என்ன விஷயம் என்று கேட்டார். நான்தான் சொன்னேன். இவங்க தம்பி உள்ளே மாட்டிக்கிட்டார், ரொம்ப வருஷமாகிறது, இன்னும் மேலே கொண்டு வரவில்லை என்று. அம்பது வருஷம் மாட்டினவங்களே வந்துட்டாங்க சார் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஆபீசர் எழுந்து நின்றுவிட்டார். "யாவ ஷாஃப்ட்டு?" என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்தார். பக்கத்து மேஜைக்காரர்களும் எழுந்தார்கள். எந்த ஷாஃப்ட் என்று எனக்குத் தெரியாது. பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் சிலோன், சிலோன் என்றார்.

வாசலில் நின்ற பியூன் பங்காருபேட்டைக்காரர். தமிழில் கேட்டு, கன்னடத்தில் விளக்கினார். ஆபீசர் போனை வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தார். அவ்வளவு சிரித்த மனுஷனுக்கு அப்புறம் எங்களைத் துரத்த மனசு வரவில்லை.

"கொரியா வேற, நம்ம ஊரு வேற. இங்க அந்த மாதிரி ஸ்கீம் இல்லன்றாரும்மா," என்றார் பியூன்.

"இல்லாட்டி ஆரம்பிக்கச் சொல்லுப்பா," என்றார் பெரியம்மா. "பிரிக்கறதுக்கு ரெண்டு கவர்மெண்ட்டும் கையெழுத்துப் போட்டாங்கல்ல. சேக்கறதுக்கும் போடட்டும்."

பியூன் அதை அப்படியே சொன்னாரா தெரியாது. மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

ரொம்ப நாள் பதில் இல்லை. பெரியம்மா போய்ப் போய்க் கேட்டார். அவர் தலையைக் கண்டதுமே பியூன் பெஞ்சைக் காட்டுவார். இதற்குள் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பெரியப்பாவின் மணியும் போயிற்று. அங்கே சிலோனில் சண்டையை நிறுத்தி வைத்தார்கள். தூதரகம் வழியாகத் தேடினதில் ஆள் கிடைத்தார், வேறொரு தோட்டத்தில், உயிரோடு.

விசா வாங்கிக்கொண்டு அந்தத் தம்பி, எனக்கு மாமா, வந்தார். ஒல்லி, வழுக்கை. பெரியம்மா வாசலிலேயே நின்று அவர் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பழைய தழும்பு இருந்தது. "வாடா," என்றார். அப்புறம்தான் அழுதார். பெரியப்பா ஒரு கரண்டியை எடுத்து சில்வர் சொம்பில் அடித்தார். கேஜில் ஆள் ஏறும்போது அடிக்கிற அதே கணக்கு.

விசா முடிந்ததும் மாமா கிளம்பினார். பங்காருபேட்டை வரை போய் மெட்ராஸ் வண்டி ஏற்றினோம். எனக்குக் கோபம். மேலே வந்தவரை எதற்குத் திரும்ப இறக்குகிறார்கள்? பெரியம்மா ஏன் விடுகிறார்?

மாமா உட்கார்ந்த இடத்தில் ஜன்னல் கண்ணாடி இறங்கி மூடியிருந்தது. பெரியம்மா வெளியிலிருந்து தட்டினார். மாமா இரண்டு கையாலும் கண்ணாடியைத் தூக்கினார். பெரியம்மா கம்பிக்கு நடுவே கையை விட்டுத் தம்பி கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் கூடவே நடந்தார். பிளாட்பாரம் முடிகிற இடத்தில்தான் விட்டார்.

திரும்பி வரும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"அந்த பஸ்ஸு கண்ணாடி மாதிரி இல்ல, நம்முது தொறக்குது பாரு," என்றார்.

தம்பியை அனுப்பிவிட்டு இன்னா சிரிப்பு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவரை விட்டு முன்னால் நடந்தேன்.