எஞ்சினை நிறுத்தாமல் பார்த்த தீவு

ரொறன்ரோக் குளிருக்குத் தப்பி, போன மாசியில் கணவரும் நானும் கரீபியன் தீவொன்றுக்குப் போனோம். சுற்றிப் பார்க்க ஸ்கூட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம்.

கோட்டை வந்தது. அவர் எஞ்சினை நிறுத்தவில்லை.

"நீர் போய்ப் பாத்திட்டுக் கெதியா வாரும்."

வெளிச்சவீட்டிலும் அதே கதை. கடற்கரையில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஹோர்ன் அடித்தார்.

யாழ்ப்பாணத்தில் போரால் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடியவர். ஒருதரம் நின்றால், திரும்ப ஸ்டார்ட் ஆக்குவதற்குள் சீவன் போய்விடும். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் மரக்கறிக் கடை வாசலிலும் காரை உறுமவிட்டபடிதான் இருப்பார். நான் கத்தரிக்காயை ஆறுதலாகத் தெரிந்தெடுத்த நாளே இல்லை.

அருவியடியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. எட்டி ஸ்கூட்டரின் திறப்பைப் பிடுங்கினேன்; எஞ்சின் நின்றது. அப்போதுதான் தண்ணீர் விழும் சத்தமே கேட்டது.

"ஐயோ, இனி ஸ்டார்ட் வராட்டி?"

திறப்பைப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். உடனே ஸ்டார்ட் ஆனது. அவர் நம்பாமல் நிறுத்தினார். தானே அழுத்திப் பார்த்தார். திரும்பவும் நிறுத்தினார்.

நான் அருவியைப் பார்த்துவிட்டு வரும்வரை நிறுத்துவதும் அழுத்துவதுமாகவே இருந்தார். அருவியை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.