பென் டிரைவ் மலையேறிய கதை

குளிர்பெட்டியோ துணி துவைக்கும் இயந்திரமோ எதை வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். பல மொழிகளில் எழுதியிருப்பார்கள். நாம் அதைப் பெட்டியோடு பரணில் போட்டுவிடுவோம். அந்தப் புத்தகங்களின் தமிழ்ப் பக்கங்களை எழுதுகிறவர்களில் ஒருத்தி எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். இங்கே எல்லோரும் அவளைக் கையேட்டம்மா என்பார்கள்.

'கருவியை இயக்கும் முன் இக்கையேட்டை முழுமையாகப் படிக்கவும்' என்ற வாக்கியத்தை எத்தனை தடவை தட்டியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் தன் வீட்டுக்கு வந்த எந்தப் பொருளின் கையேட்டையும் அவள் திறந்து பார்த்ததில்லை. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவனுடைய கிரீஸ் படிந்த சட்டைகளை வீட்டு இயந்திரம் நெடுங்காலம் 'பச்சிளங்குழந்தைத் துணிகள்' என்ற அமைப்பிலேயே துவைத்துக்கொண்டிருந்தது. சட்டைகள் தாலாட்டுக் கேட்டதுபோல நலுங்காமல், கிரீஸும் நலுங்காமல், வெளியே வரும். ஒருநாள் அவனே பரணில் ஏறிக் கையேட்டை எடுத்துப் படித்துச் சரிசெய்தான்.

"யாரோ நல்லா புரியிற மாதிரி எழுதியிருக்காங்க" என்றான்.

எழுதியது அவள்தான்.

"ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லடி கண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் நாத்தனார். மெக்கானிக்கின் தங்கை. அடுத்த தெருவில் இருக்கிறாள், பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறாள். தன் மடிக்கணினியில் வைரஸ் வந்துவிடும் என்ற பயத்தில் முக்கியமான எதையும் அண்ணன் வீட்டுக் கணினியில்தான் வைத்திருப்பாள். அப்படி அவள் வைத்திருந்தவற்றில் ஒன்று அவளுடைய தன்வரலாறு. சனிக்கிழமைதோறும் வந்து எழுதுவாள். மூன்றாம் வகுப்புவரை வந்திருந்தாள்.

கணினிக்கு வயதாகிவிட்டது. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுக் கையேட்டம்மா குளித்து, தலை துவட்டி, காபி போட்டு எடுத்துவந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு நடுவில் ஒருநாள் விண்டோஸே ஒரு செய்தி காட்டியது. இந்தப் பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வராது, அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி உங்கள் கணினிக்கு இல்லை.

"தகுதி இல்லையாம்" என்றாள் கணவனிடம். "பொண்ணு பாக்க வந்தவங்க சொல்ற மாதிரி சொல்லுது."

"புதுசு வாங்கிடலாம்."

"ஓடற வண்டிய எதுக்கு ஓரங்கட்டணும்? நான் தட்டறது வெறும் எழுத்து. ராக்கெட்டா விடறேன்?"

அந்த வாரம் அவள் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் உரிம விவரங்கள் இருக்கும். வழக்கமாக அதை அப்படியே விட்டுவிடச் சொல்வார்கள். இந்தத் தடவை அதையும் தமிழில் கேட்டார்கள். இந்தப் பெட்டிக்குள் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் ஓடுகிறது என்று அதில் இருந்தது. கையேட்டம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

"டிவியே அதுல ஓடுதாம். நம்ம கம்ப்யூட்டர் ஓடாதா?"

மெக்கானிக் டிவியின் சத்தத்தைக் கூட்டினான். கல்யாணமான புதிதில் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்த்து ஓய்ந்தவன் அவன்.

இணையத்தில் தேடி, விண்டோஸுக்குப் பதிலாக நிறுவ ஆரம்பக்காரர்களுக்கு நல்லது என்று பலர் சொன்ன ஒரு லினக்ஸை இறக்கினாள். அதைப் பென் டிரைவில் எழுத ஒரு தனிச் செயலி வேண்டும் என்று அந்தப் பக்கத்திலேயே போட்டிருந்தது. அவள் படிக்கவில்லை. கல்யாண போட்டோவை நகலெடுப்பதுபோலக் கோப்பைத் தூக்கிப் பென் டிரைவில் போட்டாள். கணினியை அணைத்துப் போட்டாள். விண்டோஸ்தான் வந்தது. மறுபடி அணைத்துப் போட்டாள். வேண்டுமென்றே வெறுப்பேற்றுவதுபோல மறுபடியும் விண்டோஸ். மூன்றாம் நாள்தான் தனிச் செயலி விஷயம் கண்ணில் பட்டது. பட்டபிறகு வேலை சுலபமாக நடந்தது. அதுதான் வினையாகப் போயிற்று, ஏனென்றால் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

தன் மொழிபெயர்ப்புகளையெல்லாம் பொறுப்பாக இன்னொரு பென் டிரைவில் எடுத்துவைத்தாள். கணவனின் லிஃப்ட் படங்கள் அவனுடைய பென் டிரைவிலேயே இருந்தன. அப்புறம் நிறுவத் தொடங்கினாள். மொழி கேட்டது. தமிழ் இருப்பதைப் பார்த்ததும் குளிர்ந்துபோய்த் தமிழையே தேர்ந்தெடுத்தாள். 'வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக' என்று ஒன்று வந்தது. அழகான, பிழையில்லாத வாக்கியம். ஒற்றுக்கூடச் சரியாக விழுந்திருந்தது. அதை ரசித்தபடியே அமுக்கினாள்.

மூன்றாம் வகுப்புவரை வந்திருந்த நாத்தனாரின் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. ஆனால் அது அப்போது அவளுக்கு நினைவில் இல்லை.

நிறுவி முடித்ததும் திரை கறுத்தது. கீழே வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அவள் விசைகளைத் தட்டினாள். எலியை ஆட்டினாள். கணினியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வேலை முடிந்து வந்த மெக்கானிக் கதவைத் தட்டினான். கதவு திறக்கவில்லை. அவனுக்கு ஒரு குரல் உண்டு. இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுவதற்கென்றே வைத்திருக்கும் குரல். அதை எடுத்தான்.

"உள்ள இருக்கறவங்க பதறாதீங்க. நான் வெளியதான் நிக்கறேன். நல்லா மூச்சு விடுங்க."

"விளையாடாதீங்க."

"லைட்டு எரியுதா?"

"எரியுது."

"அப்ப கரண்ட் இருக்கு. கண்டபடி பட்டன அமுக்காதீங்க. முன்னாடி என்ன எழுதியிருக்கோ அத மட்டும் எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

அவள் படித்தாள். பென் டிரைவைக் கழற்றிவிட்டு என்டர் விசையை அமுக்கவும் என்று எழுதியிருந்தது. ஒரு மணி நேரமாக அவள் முறைத்துக்கொண்டிருந்த வரி அது. உள்ளே பென் டிரைவைக் கழற்றும் சத்தமும் ஒரே ஒரு விசைத் தட்டும் கேட்டன. பிறகு கதவு திறந்தது.

"வந்துருச்சு" என்றாள், மிக இயல்பான குரலில். "காபி போடட்டுமா?"

கணினி பறந்தது. காபி போட அடுப்படிக்குப் போகக்கூட நேரமில்லை என்று அவளே குறைப்பட்டாள். தமிழ் விசைப்பலகை வந்தது. அச்சுப்பொறி சொல்லாமலே வேலை செய்தது. சனிக்கிழமை வரை எல்லாம் சுகம்.

சனிக்கிழமை நாத்தனார் வந்து உட்கார்ந்தாள். தேடினாள். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு தேடினாள்.

"அண்ணி, என் மூணாங்கிளாஸ் எங்க?"

கையேட்டம்மாவுக்கு அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். நாத்தனார் கத்தவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "என் வாழ்க்கைய ஒரு பட்டன்ல முடிச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள், லிஃப்ட்டில்கூட ஏறவில்லை. அண்ணன் பராமரிக்கும் லிஃப்ட் அது. அவனுக்கும் சேர்த்துத்தான் தண்டனை.

கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லை. அந்த இடைவெளியில்தான் மலை வந்தது. மெக்கானிக் தன் பென் டிரைவைக் கொண்டுவந்து செருகினான். பழைய லிஃப்ட்டுகளின் மின்சுற்றுப் படங்கள் அதில் இருந்தன. மறுநாள் ஒரு பழைய கட்டடத்துக்குப் போக வேண்டும், படத்தை அச்செடுக்க வேண்டும். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது.

'இச்சாதனத்தை மலை செய்ய இயலவில்லை.'

இரண்டு பேரும் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள்.

"எதுக்கு மலை பண்ணணும்?" என்றான் மெக்கானிக். "எனக்கு ஒரு பேப்பர் போதும்."

அவளுக்கு ஆங்கிலச் சொல்லை ஊகிக்க நேரமாகவில்லை. மவுண்ட். அதற்கு மலை என்றும் பொருள் உண்டு, ஒன்றை இன்னொன்றோடு பொருத்துவது என்றும் பொருள் உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் அகராதியின் முதல் பொருளோடு எழுந்து போயிருக்கிறார். தொழில் கோபம் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் முதலில் படத்தை எடுத்தாக வேண்டுமே. லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசும் ஒரு தமிழ் மன்றத்தை இணையத்தில் கண்டுபிடித்து, வணக்கம் வைத்து, தன்னை அறிமுகப்படுத்தி, கணினியின் வயது, கணவனின் அவசரம் எல்லாவற்றையும் விவரித்து நீளமாக ஒரு கேள்வி எழுதினாள். மதியம் பதில் வந்தது.

'கையேட்டில் இருக்கிறது. படிக்கவும்.'

இவ்வளவுதான். வணக்கம் இல்லை, நன்றி இல்லை. அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். காலமெல்லாம் தான் ஊருக்கு எழுதியதை இப்போது யாரோ தனக்கு எழுதியிருப்பதை அவள் கவனித்தாளா என்று தெரியாது. மெக்கானிக் கவனித்தான். சிரிப்பை அடக்கப் பால்கனிக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினான். காலையிலேயே ஊற்றிய செடி.

"என்ன திமிரு பாருங்க" என்று அவள் உள்ளிருந்து சொன்னாள்.

"ம்."

"மனுசங்கிட்ட பேசற மாதிரியா பேசறாரு?"

"படிச்சுத்தான் பாரேன்."

படித்தாள். கோபத்தில் படித்ததால் ஒரு வரி விடாமல் படித்தாள். பென் டிரைவை முறையாகக் கழற்றாமல் பிடுங்கினால் அதன் கோப்பமைப்பு கலைந்துபோகும், அப்போது லினக்ஸ் அதை ஏற்க மறுக்கும் என்று இருந்தது. மெக்கானிக் பென் டிரைவைக் களை பிடுங்குவதுபோலத்தான் பிடுங்குவான். இதை உரக்கப் படித்துக் காட்டினாள். பால்கனியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

சரிசெய்யக் கறுப்புச் சாளரத்தைத் திறந்து ஒரு கட்டளை எழுத வேண்டும். மூன்று தடவை தப்பு. இரண்டு சொற்களுக்கு நடுவில் இடைவெளி விடவில்லை. நாலாவது தடவை கட்டளை ஓடியது, பென் டிரைவ் திறந்தது. படங்கள் அச்சாகி வந்தன. கணவன் அவற்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அவளுக்கு அன்று முழுக்க நடையே வேறாக இருந்தது.

ஆனால் மலையை அவள் விடவில்லை. இந்த லினக்ஸின் தமிழ்ச் சொற்களை யார் வேண்டுமானாலும் திருத்தப் பரிந்துரைக்கலாம் என்பதை அதே கையேட்டில் கண்டிருந்தாள். 'மலை' என்பதை நீக்கிவிட்டுப் 'பொருத்து' என்று போடலாம் என எழுதி, காரணங்களை விளக்கினாள். பதில் எழுதியவர் அதே ஒற்றைவரிக்காரர்.

'மலை என்று போட்டது நான்தான். பொருத்து சரியில்லை. ஏற்று.'

"தப்ப ஒத்துக்கறதுலயும் என்ன சிக்கனம்" என்று முணுமுணுத்துவிட்டு அவள் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். ஏற்று என்றால் சரக்கு ஏற்றுவதுபோல இருக்கிறது என்றாள். பொருத்து என்றால் பொருத்தம் பார்ப்பதுபோல இருக்கிறது என்றார் அவர். கடிதம் போனது, வந்தது. சாப்பிடும்போதும் அவளுக்கு அதே யோசனை.

"மாட்டுன்னு போட்டா என்ன?" என்றான் மெக்கானிக். "நாங்க எல்லாத்தையும் மாட்டுன்னுதான் சொல்வோம். மோட்டார மாட்டு, கதவ மாட்டு."

"மலைலேருந்து இறக்கி மாட்டுக்குக் கொண்டுவரச் சொல்றீங்க."

அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

கடைசியில் ஒற்றைவரிக்காரர் இரண்டு வரி எழுதினார். தான் பல் மருத்துவர் என்றும், ஒருவர் வாயைத் திறந்து வைத்திருக்கும்போது மரத்துப்போகப் போட்ட ஊசி வேலை செய்யும் வரைக்கும் கிடைக்கிற நேரத்தில்தான் இதையெல்லாம் எழுதுவதாகவும் சொன்னார். 'பொருத்து' இருக்கட்டும் என்றும் சொன்னார். கையேட்டம்மாவுக்குச் சட்டென்று மனம் இளகிவிட்டது. இத்தனை நாள் யாரோ ஒருவர் வாயைப் பிளந்தபடி தன் வாதங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார் என்பது அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

நாத்தனார் ஒருவழியாக வந்தாள். லிஃப்ட்டில் வந்தாள். சமாதானத்துக்காகக் கையேட்டம்மா மலைச் செய்தியைச் சொன்னாள்.

"எந்த மலையாம்? உயரம் எவ்வளவு?" என்று கேட்டாள் புவியியல் ஆசிரியை. அதற்குள்ளாகவே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. தன்வரலாற்றை முதலிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினாள். புது லினக்ஸில் எங்கே எதை அமுக்க வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இந்த முறை பள்ளிக்கூடப் பகுதியை ஒரே பக்கத்தில் முடித்து, நேரே அண்ணனின் கல்யாணத்துக்குத் தாவிவிட்டாள். அண்ணியைப் பற்றி இப்போது எழுத நிறைய இருந்தது.

"என்னைய ரொம்பத்தான் வில்லியா காட்டியிருக்க" என்றாள் கையேட்டம்மா, அச்செடுத்த தாள்களைப் பார்த்துவிட்டு.

"கத நல்லா இருக்கா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்கு. மொதல்ல எழுதினதவிட வேகமா போகுது." அப்புறம் ஒரு பேனாவை எடுத்து, வில்லி வரும் இடங்களில் ஒற்றுப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தாள்.

லினக்ஸின் அடுத்த பதிப்பு வந்தபோது, பென் டிரைவைச் செருகினால் திரையில் வரும் சின்னப் பெட்டியில் 'பொருத்து' என்று இருந்தது. கணவன் பென் டிரைவைச் செருகினான். அவள் பக்கத்தில் நின்று அவன் முகத்தையே பார்த்தாள். அவன் படத்தை எடுத்துக்கொண்டான், முறையாகக் கழற்றினான், வேலைக்குக் கிளம்பினான். ஒரு வித்தியாசமும் அவன் கண்ணில் படவில்லை. முதலில் அவளுக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்தாள். துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டை மட்டும் எழுதியவர் பேரைப் பார்த்துவிட்டா படிக்கிறார்கள்?

அதிகம் யோசிக்க நேரமில்லை. பல் மருத்துவரிடமிருந்து புதிதாக ஒரு வரி வந்திருந்தது. நாமாக எதையும் மாற்றாதவரை ஒரு கருவி எந்த நிலையில் இருக்குமோ, அதற்குத் தமிழில் 'இயல்புநிலை' நல்லதா, 'முன்னிருப்பு' நல்லதா? அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டும் சரியில்லை என்று தட்டத் தொடங்கினாள்.